கடன் வாங்கிய விதை

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சென்ற ஆண்டு என் தங்கை மகனுடன் அவ்வழியே மேலே சென்றேன். அவன் பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் கணிப்பொறிக்கு மென்பொருள் எழுதும் பணியில் இருப்பவன். விடுமுறையில் வந்திருந்தான். மலையின் குளிர்ச்சி அவனுக்குப் பிடித்திருந்தது. ஆயினும் ஏதோ ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் பேசாமலே வந்தான்.

செம்மேட்டுக்கு அப்பால் ஒரு சிற்றூரில், மலையாளி இன மக்களின் வீடு ஒன்றன் முன் சற்று இளைப்பாறினோம். முற்றத்தில் வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் சாமையை முறத்திலிட்டுப் புடைத்துக்கொண்டிருந்தார். ஒருமுறை புடைத்ததை மீண்டும் புடைத்து, கல்லும் பதரும் களைவிதையும் போக்கி, தனியே ஒரு பானையில் இட்டார். உண்பதற்குரிய சாமை மற்றொரு பக்கம் குவிந்து கிடந்தது. அதற்கு இத்தனை பாடு இல்லை. பானையில் இருப்பது என்ன என்று வினவினேன். ஊர் விதை வங்கியில் சென்ற விதைப்புக்கு வாங்கிய விதைக்கு ஈடாகத் திருப்பிக் கொடுக்க வேண்டியது என்றார். வாங்கியதைக் காட்டிலும் கூடுதலாக அளந்து கொடுப்பது வழக்கமாம்.

"அளவு சரியாக இருந்தால் போதாதா அம்மா? இவ்வளவு பார்த்துப் பொறுக்க வேண்டுமா?" என்று கேட்டான் என் மருமகன்.

அவர் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "இதை வாங்கிட்டுப் போறவங்க காடும் வெளையணுமில்ல, சாமி?"

பொழுது சாயுமுன் உணவை முடித்துக்கொண்டு நாங்கள் தங்கியிருந்த இடத்துக்குத் திரும்பினோம். அதன் பிறகே அவன் வாய் திறந்தான்.

"மாமா, எங்கள் நிறுவனத்தில் சரக்கிருப்புக் கணக்குக்கு ஒரு கட்டற்ற மென்பொருளைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறோம். விலை கொடுத்து வாங்கியதில்லை. உலகின் பல மூலைகளிலுள்ளவர்கள் எழுதிப் பொதுவில் வைத்தது. அதில் ஒரு பிழை இருந்தது. இருவர் ஒரே நேரத்தில் ஒரு பொருளின் கணக்கைத் திருத்தினால், ஒருவர் எழுதியது சுவடின்றி மறைந்துவிடும். நானும் என்னுடன் பணிபுரியும் இருவரும் மூன்று வாரம் உழைத்து அதைச் சரிசெய்தோம். இரண்டு ஆண்டுகளாகிவிட்டன. அந்தத் திருத்தம் எங்கள் நிறுவனத்துக்குள்ளேயே இருக்கிறது. அண்மையில் ஒரு தர்ம மருத்துவமனையைச் சேர்ந்தவர், மருந்துக் கணக்கு அடிக்கடி தவறுகிறது, காரணம் புரியவில்லை, யாரேனும் உதவுங்கள் என்று பொதுவில் எழுதிக் கேட்டிருந்தார். அதே மென்பொருள், அதே பிழை. விடை எனக்குத் தெரியும். எழுத எனக்கு அனுமதி இல்லை. 'நம் ஊதியத்தில் செய்த வேலை. வெளியே கொடுக்கச் சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை' என்கிறார் மேலாளர். அவர் சொல்வது உண்மைதான். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. இது களவா மாமா?"

உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அன்றிரவும் அதன் பின்னரும் எண்ணிப் பார்த்ததை அன்பர்களின் முன் வைக்கிறேன். நம் பிள்ளைகளில் பலர் இன்று இத்தொழிலில் இருப்பதால், இவ்வினா பல இல்லங்களின் வினாவாகவும் இருக்கக்கூடும்.

கணிப்பொறியோடு பழக்கமில்லாத பெரியோர்களுக்காகச் சிலவற்றை முதலில் விளக்க வேண்டும். மென்பொருள் என்பது மனிதர் எழுதும் கட்டளைகளின் தொகுப்பு. அவர்கள் எழுதிய வடிவத்தை மூலநிரல் என்பர். வணிக நிறுவனங்கள் பெரும்பாலும் மூலநிரலைத் தம்மிடமே பூட்டி வைத்துக்கொண்டு, இயங்கும் வடிவத்தை மட்டும் விற்கின்றன. அரிசியை விற்றுவிட்டு விதைநெல்லைத் தராதிருப்பது போன்றது இது.

இவ்வழக்கத்தை எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன். அவருடைய ஆய்வகத்தின் பழைய அச்சுப்பொறியில் காகிதம் சிக்கிக்கொண்டால், காத்திருப்போருக்குச் செய்தி அனுப்பும்படி அவரே மென்பொருளைத் திருத்தியிருந்தார். பின்னர் வந்த புதிய பொறிக்கும் அவ்வாறே செய்ய விரும்பி, அதன் மூலநிரலை வைத்திருந்த ஒருவரிடம் சென்று கேட்டார். எவருக்கும் தருவதில்லை என வாக்களித்திருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பு ஸ்டால்மனின் மனத்தில் ஆழத் தைத்தது. 1983இல் குனு என்னும் திட்டத்தை அவர் அறிவித்தார். 1989இல் குனு பொது உரிமம் என்னும் உரிம ஆவணம் வெளிவந்தது. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் பின்னர் இவ்வுரிமத்தின் கீழ் வந்து, இன்று உலகெங்கும் கணிப்பொறிகளை இயக்குகிறது.

இவ்வுரிமம் சொல்வது எளிது. மென்பொருளை யாரும் பயன்படுத்தலாம், கற்கலாம், மாற்றலாம், பிறருக்கு வழங்கலாம். மாற்றியதைப் பிறருக்கு வழங்குவோர் அதன் மூலநிரலையும் அதே உரிமையோடு வழங்க வேண்டும். ஆனால் மாற்றியதைத் தம் வீட்டுக்குள்ளேயே பயன்படுத்துவோர் எவருக்கும் எதையும் காட்ட வேண்டியதில்லை. வேறு சில உரிமங்கள் இந்த அளவுகூடக் கேட்பதில்லை.

இது சட்டம் எழுதியவர்களின் மறதியால் நேர்ந்த ஓட்டை என்று எண்ணிவிடலாகாது. ஒருவன் தன் வீட்டுக்குள் செய்துகொண்ட மாற்றத்தையெல்லாம் ஊரறியச் சொல்ல வேண்டும் எனக் கட்டாயப்படுத்துவது அவனுடைய சுதந்திரத்தைப் பறிப்பதாகும் என்று அவர்கள் தெரிந்தே விட்டுவைத்த இடம் அது. ஆகவே மருமகன் கேட்ட வினாவின் முதற்பகுதிக்கு விடை தெளிவு. அது களவன்று. கொடுத்தவர்கள் தாமாகவே அந்த உரிமையையும் சேர்த்துக் கொடுத்திருக்கும்போது, அதைப் பயன்படுத்துவோரைக் கள்வர் என்று பழிப்பது பொய்யுரையாகும்.

களவன்று என்பதனாலேயே அறமாகிவிடுமா? சட்டம் கைவிட்ட இடத்தில் மனச்சான்றின் வேலை தொடங்குகிறது. இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களில் கள்ளாமையோடு பொருள் வரைதலும் வைக்கப்பட்டிருப்பதை நினைவு கூர்வோம். இவை இரண்டும் ஒன்றாயின் இரண்டு விரதங்கள் வேண்டியதில்லை. பிறர் பொருளை எடாதிருப்பது முன்னது. தன் பொருளின் மீதுள்ள பற்றுக்கு எல்லை கட்டுவது பின்னது. பரிக்கிரகம் என்பதன் இலக்கணத்தைத் தத்துவார்த்த சூத்திரம் பொருளின் அளவில் வைக்கவில்லை. அதன் மீது கொள்ளும் மயக்கத்தில் வைக்கிறது. நியாயமாக வந்த பொருளாயினும், தேவைக்கு மேல் இறுகப் பிடித்திருப்பதே பற்று. எனவே அவன் கேட்க வேண்டிய வினா 'இது களவா?' என்பதன்று, 'இதைப் பிடித்து வைத்திருக்கும் கை எதற்காக மூடியிருக்கிறது?' என்பதே.

அறிவைப் பூட்டி வைப்பதைப் பற்றி அந்நூல் தனியாகவும் பேசுகிறது. ஞானாவரணீய வினை உயிரில் வந்து சேர்வதற்கான காரணங்களில், தெரிந்ததை மறைத்தலும், பிறர் தமக்கு நிகராகிவிடுவரே என்னும் பொறாமையால் கற்பிக்காதிருத்தலும் அடங்கும். கருத்து ஆழமானது. பிறருடைய அறிவுக்குத் திரையிடுபவன் தன் அறிவுக்கே திரையிட்டுக்கொள்கிறான்.

மறுமையை எண்ணித்தான் இதை நம்ப வேண்டும் என்பதில்லை. மருமகனின் அலுவலகத்திலேயே இதனைக் காணலாம். பொதுவில் உள்ள மென்பொருள் ஆண்டுதோறும் வளர்ந்து புதிய பதிப்பாக வெளிவருகிறது. அதில் இவர்களுடைய திருத்தம் இராது. எனவே ஒவ்வொரு புதிய பதிப்பின்போதும் பழைய திருத்தத்தை மறுபடியும் ஒட்டிப் பொருத்த வேண்டும். நாளடைவில் பொருந்தாமல் போகும். திருத்தியவர் வேலையை விட்டுச் சென்றால், அது ஏன் செய்யப்பட்டது என்பதே மற்றவர்க்குத் தெரியாது. இறுதியில் பழைய பதிப்பிலேயே நின்றுவிட நேரும். மறைத்தவர்க்கே மறைப்பு வந்து சேர்கிறது.

நம் முன்னோர் இதை ஏட்டுச்சுவடியில் அறிந்திருந்தனர். நால்வகைத் தானங்களுள் சாத்திர தானத்தையும் ஒன்றாக வைத்தனர். 10ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த அத்திமப்பே என்னும் சமண அம்மையார், பொன்னர் இயற்றிய சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார். ஏட்டைப் படி எடுக்கும்போது பிழை புகுவது இயல்பு. கற்றவர் ஒருவர் தம் படியில் அப்பிழையைக் கண்டு திருத்திக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய ஏடு செம்மையாகிவிட்டது. ஆனால் மூல ஏட்டிலிருந்து படி எடுக்கும் அடுத்தவர் அதே பிழையை மீண்டும் எழுதுவார். அவரிடமிருந்து எடுப்பவரும் அவ்வாறே. திருத்தம் மூல ஏட்டை அடைந்தால் மட்டுமே பின்வரும் ஏடுகளெல்லாம் திருந்தும். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அவர்க்கு விளங்காதிருந்த சமயக் கருத்துகளைக் கும்பகோணத்துச் சமண அன்பர்கள் எடுத்துரைத்தனர். தங்கள் இல்லங்களில் வழிவழியாக வந்த விளக்கத்தை அவர்கள் மறைத்திருந்தால், அவர்களிடம் எதுவும் குறைந்திராது. தமிழுலகத்துக்கே ஒரு காப்பியம் தெளிவின்றி நின்றிருக்கும்.

இனி, அந்த மலையின் வழக்கத்துக்குத் திரும்புவோம். கொல்லிமலையில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியன பன்னெடுங்காலமாக விளைந்துவந்தன. சாமையில் மட்டும் வெள்ளைப் பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை என மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்பப் பல வகைகள் உண்டு. இவ்வகைகளை எந்த ஆய்வகமும் முதலில் உருவாக்கவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் காட்டில் நன்கு விளைந்த கதிரைத் தெரிந்தெடுத்து, தொம்பையில் காத்து, உறவினர்க்கும் அயலார்க்கும் கொடுத்ததனால் உருவானவை. ஒரு காட்டில் நிகழ்ந்த நல்ல தேர்வு, கொடுக்கல் வாங்கலின் வழியே மலை முழுவதற்கும் உரியதாயிற்று. பிற்காலத்தில் சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளிக் கிழங்கு மலையில் பரவியது. உடனே பணம் தரும் பயிராதலால் அதனை விரும்பிய உழவர்களைக் குறை கூற இயலாது. ஆனால் சிறுதானியம் விதைத்த காடுகள் சுருங்கின. சில வகைகளின் விதை கிடைப்பதே அரிதாயிற்று.

1988இல் நிறுவப்பட்ட எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்குள்ள மக்களோடு சேர்ந்து சிறுதானியங்களைக் காக்கும் பணியில் ஈடுபட்டது. ஊர்களில் விதை வங்கிகள் அமைந்தன. மகளிரின் கையுழைப்பைக் குறைக்க உமி நீக்கும் சிறு பொறிகள் வந்தன. விதை வங்கியின் உயிர் எதில் இருக்கிறது? வாங்கியவர் திருப்பிக் கொடுப்பதில் இருக்கிறது. எல்லாரும் எடுத்துச் சென்று எவரும் திருப்பாவிட்டால், ஓரிரு பருவங்களில் பானை வெறும் பானையாகிவிடும்.

விதைக்கும் மென்பொருளுக்கும் உள்ள இவ்வொப்புமை என் கற்பனை மட்டுமன்று. 2012இல் அமெரிக்காவில் தொடங்கிய திறந்த மூல விதை முயற்சி, கட்டற்ற மென்பொருளைக் கண்டே உருவானது. அவர்கள் வழங்கும் விதையைப் பெறுவோர், அதனையும் அதிலிருந்து தோன்றும் புதிய வகைகளையும் பிறர் பயன்படுத்தவொட்டாமல் தடுப்பதில்லை என உறுதி ஏற்க வேண்டும்.

ஒரு வேறுபாட்டையும் கருத வேண்டும். அந்த அம்மையார் கொடுத்த விதை அவர் பானையைவிட்டுப் போய்விடும். அந்த அளவு சாமை அவர் வீட்டில் குறையும். நிறுவனம் கொடுக்கும் திருத்தமோ கொடுத்த பிறகும் அதனிடமே இருக்கும். குறைவை ஏற்றுக் கொடுப்பவர் கூடுதலாக அளக்கிறார். குறைவே இல்லாதவர் தயங்குகிறார்!

எனினும் மறுதரப்பின் நியாயங்களையும் கேட்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் கண்டு தீர்ப்பளிப்பது அநேகாந்த நெறிக்கு ஏற்றதன்று. ஊதியம் கொடுத்துச் செய்வித்த வேலை என்கிறார் மேலாளர். உண்மை. ஆனால் அவர்கள் திருத்தியது மூன்று வார உழைப்பு; அத்திருத்தம் நிற்பதற்கு இடமளித்தது பலருடைய பல ஆண்டு உழைப்பு. போட்டியாளருக்குப் பயன்படுமே என்பது அடுத்த தயக்கம். தொழிலின் தனித்திறன் எதில் அடங்கியுள்ளதோ அதைக் காத்துக்கொள்வதில் குற்றமில்லை. அனைவர்க்கும் பொதுவான ஒரு பிழையைத் தாம் மட்டும் தப்பியிருப்பது திறனாகாது. வாடிக்கையாளரின் இரகசியம் கலந்திருந்தால் என்ன செய்வது என்பது மூன்றாவது. இது முற்றிலும் நேரிய அச்சம். பிறர் நம்பி ஒப்படைத்ததை வெளியிடுவது தானமாகாது, நம்பிக்கைத் துரோகமாகும்.

எல்லாத் திருத்தங்களும் ஒரே நிறையுடையனவும் அல்ல. வசதிக்காகச் சேர்த்த ஒரு சிறு மாற்றத்தைக் கொடாதிருப்பது வண்மைக் குறைவு. பிறர்க்குத் தீங்கு விளைக்கும் பிழையை அறிந்தும் வாளாவிருப்பது வேறு. 2014 ஏப்ரலில் ஓப்பன் எஸ்எஸ்எல் என்னும் மென்பொருளில் 'ஹார்ட்பிளீட்' எனப் பெயரிடப்பெற்ற பிழை வெளிப்பட்டது. இணையத்தில் கடவுச்சொல்லையும் பணப் பரிமாற்றத்தையும் காக்கும் மென்பொருள் அது. பிழை 2012 முதல் அதில் இருந்தது. உலகின் பெருநிறுவனங்கள் பலவும் அதனை நம்பியிருக்க, அதைப் பேணியவர்களோ மிகச் சிலர். அவர்களுக்கு ஆண்டுக்குக் கிடைத்துவந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர் மட்டுமே. ஊரெல்லாம் நீர் இறைக்கும் கிணற்றைத் தூர் வார ஒருவரும் வராத கதை இது. அதன் பின்னரே பெருநிறுவனங்கள் விழித்துக்கொண்டு நிதியளிக்க முன்வந்தன. மருமகன் கண்ட பிழை இத்துணைப் பெரிதன்று. ஆயினும் மருத்துவமனையில் மருந்துக் கணக்கு தவறினால் அதன் முடிவில் ஒரு நோயாளி இருக்கிறார். கவனமின்மையும் இம்சைக்கு வாயில் என்று கற்ற நாம், தெரிந்தே பேசாதிருப்பதை எவ்வாறு எளிதாகக் கொள்வது?

இன்னொன்றும் கூற வேண்டும். கொடுப்பதில் யாருக்குக் கடமை மிகுதி? மலை மக்கள் காத்த விதைகள் போன்ற உழவர் விதைகளே, ஆராய்ச்சி நிலையங்களில் உருவாகும் புதிய வகைகளுக்கு அடிப்படை. காத்தவர்களுக்கு அதனால் திரும்பி வந்தது மிகக் குறைவு. இதனை உணர்ந்தே 2001ஆம் ஆண்டின் பயிர் வகைகள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும் உழவர்க்குள்ள உரிமையை ஏற்றுக்கொண்டு, பயனில் அவர்களுக்குப் பங்கும் வகுத்தது. எளியவர்களிடம் 'பகிருங்கள்' என்று கூறுவது எளிது. பொதுவிலிருந்து மிகுதியாக எடுத்தவர்களிடமே அதை முதலில் கூற வேண்டும். பானையளவு விதை வாங்கியவர் பானையளவுக்கு மேல் தருகிறார். களஞ்சியமளவு எடுத்தவர் எவ்வளவு தர வேண்டும்?

இவற்றையெல்லாம் எண்ணி, மருமகனுக்கு நான்கு செய்திகளை எழுதினேன். முதலாவது, அனுமதி பெறாமல் எதையும் வெளியே கொடுக்காதே. உரியவர் தராததைக் கொடுப்பது தானம் என்ற பெயரில் களவாகிவிடும். மேலாளரிடம் மீண்டும் பணிவோடு கேள். மறைத்து வைப்பதால் நிறுவனத்துக்கு ஏற்படும் உழைப்பிழப்பையும் கணக்கிட்டுக் காட்டு. இரண்டாவது, புடைத்துக் கொடு. உங்கள் அலுவலகத்துக்கு மட்டும் பொருந்துவதை நீக்கி, சோதித்து, விளக்கம் எழுதிக் கொடு. பதரைக் கொடுத்தால் பெறுபவர்க்குச் சுமையே. பாதுகாப்பைப் பற்றிய பிழையாயின், தீயோர் அறியுமுன் பேணுவோர்க்குத் தனியே தெரிவி. மூன்றாவது, அவர்கள் ஏற்க மறுத்தாலும் சினங்கொள்ளாதே. எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும் பொறுப்பு அவர்களுடையது. நான்காவது, பெயருக்காகக் கொடாதே. மானம் என்னும் கஷாயம் தானத்தின் உள்ளேயும் புகுந்துவிடும்.

நான்கு திங்கள் கழித்து அவனிடமிருந்து மடல் வந்தது. மேலாளர் முதலில் மறுத்து, கணக்கைப் பார்த்தபின் இசைந்திருக்கிறார். அவர்களிடம் இருந்த மூன்று திருத்தங்களில் ஒன்று வாடிக்கையாளர் ஒருவரின் தொழில்முறையோடு பின்னிக் கிடந்ததால் உள்ளேயே நின்றுவிட்டது. மற்ற இரண்டையும் அனுப்பினார்கள். கணக்கு மறையும் பிழைக்கான திருத்தத்தைப் பேணுவோர் இருமுறை திருப்பி அனுப்பி, இன்னும் செம்மையாக எழுதச் சொன்னார்களாம். மூன்றாம் முறை ஏற்றுக்கொண்டனர். "இரண்டு முறையும் எனக்குக் கோபம் வந்தது மாமா. அந்த அம்மாள் ஒரே சாமையைத் திரும்பத் திரும்பப் புடைத்தது நினைவுக்கு வந்தது. உட்கார்ந்து மறுபடி எழுதினேன். எங்களுக்குத் தெரியாத வேறொரு பிழையும் அதில் இருந்தது, அதுவும் தீர்ந்தது. மருத்துவமனைக்காரர், இப்போது கணக்கு சரியாக வருகிறது என்று ஒரு வரி எழுதியிருக்கிறார்" என்று எழுதியிருந்தான்.

மடலைப் படித்து முடித்தபோது, எங்கள் பழைய வீட்டுப் பரண் நினைவுக்கு வந்தது. பாட்டனார் கைப்பட எழுதிய குறிப்புகளோடு கூடிய ஏட்டுக்கட்டு ஒன்று அங்கே துணியில் சுற்றியபடி இருக்கிறது. அவர் கண்ட பாடத் திருத்தங்கள் சில அதில் உண்டு என்று என் தந்தையார் கூறக் கேட்டிருக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் அதனை ஒருவரும் படி எடுத்ததில்லை; நானும் கொடுத்ததில்லை. பிறர் கை மூடியிருப்பதைப் பற்றி இவ்வளவு எழுதிய பிறகு, அதனை இனியும் பரணில் வைத்திருக்க எனக்கு உரிமையில்லை. வரும் விடுமுறையில் மருமகன் வந்து அதன் ஒவ்வோர் ஏட்டையும் ஒளிப்படம் எடுத்துப் பொதுவில் வைப்பதாகக் கூறியிருக்கிறான். நம் அன்பர்களின் இல்லங்களிலும் இத்தகைய கட்டுகள் இருக்கக்கூடும். இவையும் நாம் கடன் வாங்கிய விதையே. தூசு தட்டி, புடைத்து, அடுத்தவர் காட்டுக்கும் அனுப்புவோமாக.